அம்மாவை 10 நாள் யார் பார்த்துப்பாங்க? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் முதியோருக்கான ‘ஷார்ட் ஸ்டே’ பராமரிப்பு: தெரிந்துகொள்ள வேண்டியவை

கொரட்டூரில் ஒரு வீடு. 82 வயது மாமியார், பக்கவாதம் வந்து இடது கை, கால் சரியாக வேலை செய்யவில்லை. மூன்று வருஷமாகக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, ராத்திரி இரண்டு முறை எழுந்து பாத்ரூம் கூட்டிப்போவது எல்லாம் மருமகள்தான். இப்போது அந்த மருமகளுக்கே கர்ப்பப்பை ஆபரேஷன். ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது என்கிறார் டாக்டர். கணவருக்கு எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. நாத்தனார் இருப்பது ஓசூரில், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

சென்னையின் மேற்குப் புறநகரில் எந்தத் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். சில வீடுகளில் காரணம் வேறாக இருக்கும். வெளியூரில் கல்யாணம், அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம், பையனுக்குப் பொதுத்தேர்வு, அல்லது பார்த்துக்கொள்பவருக்கே இனி முடியவில்லை. தேவைப்படுவது நிரந்தர முதியோர் இல்லம் கிடையாது. பத்து நாள், ஒரு மாதம், அதிகபட்சம் இரண்டு மாதம். அந்த நாட்களுக்கு மட்டும் ஒருவர் பொறுப்பேற்றுப் பார்த்துக்கொண்டு, பிறகு பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும்.

மருத்துவ உலகில் இதை ‘ரெஸ்பைட் கேர்’ என்பார்கள். பராமரிப்பவருக்குக் கிடைக்கும் இடைவேளை என்று பொருள். சென்னையில் இந்தச் சேவையைத் தருபவர்கள் பெரும்பாலும் ‘ஷார்ட் ஸ்டே’ என்றே சொல்கிறார்கள். போனில் விசாரிக்கும்போதும் இந்த வார்த்தையைச் சொன்னால்தான் சட்டென்று புரிகிறது. ‘முதியோர் இல்லமா?’ என்று கேட்டால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

இது புதுசா?

பெயர்தான் புதுசு. ‘இந்த மாசம் பெரியவன் வீடு, அடுத்த மாசம் சின்னவன் வீடு’ என்று முறை வைத்துப் பெற்றோரைப் பார்த்துக்கொள்வது தமிழ்க் குடும்பங்களில் காலங்காலமாக நடப்பதுதான். அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் நிறையச் சண்டையும் கண்ணீரும் உண்டு என்றாலும், ஒரே ஆள் தலையில் எல்லாம் விழாமல் அது பார்த்துக்கொண்டது. இப்போது பல வீடுகளில் பிள்ளைகளே ஒன்றோ இரண்டோதான். அந்த இரண்டில் ஒன்று வெளிநாட்டில். முறை வைக்க ஆள் இல்லை.

எண்ணிக்கையும் அதையே சொல்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021ல் வெளியிட்ட அறிக்கைப்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். 2031ல் இது 18.2 சதவீதம் ஆகும் என்று அதே அறிக்கை கணிக்கிறது. அதாவது ஐந்தரைப் பேருக்கு ஒருவர்.

முதியோர் நலனில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோருக்கான தனி மருத்துவப் பிரிவு 1978ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். அதே 1978ல்தான் சாவித்திரி வைத்தி ‘விச்ராந்தி’ முதியோர் இல்லத்தை ஆரம்பித்தார். 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் வந்துவிட்டது. ஆனால் இவை ஒன்று மருத்துவமனை, அல்லது நிரந்தர இல்லம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ‘பத்து நாள் பார்த்துக்கோங்க’ என்ற தேவைக்கு அரசுத் தரப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த இடத்தைத் தனியார்தான் நிரப்புகிறார்கள்.

வெளிநாடுகளில் கதை வேறு. ஜெர்மனியில் 1995 முதல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு இருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஓய்வெடுக்க வருடத்துக்கு எட்டு வாரம் வரை மாற்று ஏற்பாட்டுக்கு 3,539 யூரோ வரை அந்தக் காப்பீடே தருகிறது. ஜப்பானிலும் 2000ல் இருந்து இப்படி ஒரு காப்பீடு இருக்கிறது. அதில் முதியவரைச் சில நாள் மையத்தில் விட்டுவிட்டுப் போவது சாதாரண விஷயம். குற்றவுணர்ச்சிக்கு அங்கே வேலையில்லை. இங்கே பணமும் கையிலிருந்து போகிறது, ‘பெத்தவங்களை விட்டுட்டுப் போறீங்களா?’ என்ற கேள்வியும் வருகிறது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது: வீட்டுக்கு ஆளா, வெளியே இடமா?

எல்லோரும் முதலில் இடம் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒன்றை யோசிக்க வேண்டும். முதியவரை வேறு இடத்துக்கு மாற்றுவது அவருக்குத் தாங்குமா?

மறதி நோய் இருப்பவர்கள் விஷயத்தில் இது மிக முக்கியம். பழகிய கட்டில், பழகிய சுவர், பாத்ரூம் எந்தப் பக்கம் என்ற உடல் நினைவு எல்லாம் சேர்ந்துதான் அவர்களை ஓரளவு நிதானமாக வைத்திருக்கின்றன. திடீரென்று புது இடத்தில் கண் விழித்தால் ராத்திரியில் கத்துவது, எழுந்து நடந்து கீழே விழுவது, சாப்பிட மறுப்பது எல்லாம் நடக்கும். ‘நல்லாத்தானே இருந்தாங்க, அங்க போய் ஒரே வாரத்தில் இப்படி ஆயிட்டாங்க’ என்று குடும்பத்தினர் அதிர்ச்சியாவது இதனால்தான். இந்தக் குழப்ப நிலை பல நேரம் மாறிவிடும். ஆனால் அதற்குள் இடுப்பு எலும்பு உடைந்துவிட்டால் மீள்வது கடினம். எனவே மறதி நோய் உள்ளவர்களுக்கு முடிந்தவரை வீட்டுக்கே ஆள் வரவழைப்பது நல்லது. குடும்பத்தில் ஒருவராவது இரவில் வீட்டில் இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

மறதி இல்லை, புத்தி தெளிவாக இருக்கிறது, உடம்புதான் முடியவில்லை என்றால் வெளியே தங்கவைப்பது பல நேரம் பாதுகாப்பானது. ஆக்சிஜன், உறிஞ்சும் கருவி, மூக்கு வழியாக உணவுக்குழாய், பெரிய படுக்கைப்புண் போன்றவை இருப்பவரை ஒரே ஓர் அட்டெண்டர் கையில் வீட்டில் விட்டுவிட்டுப் போவது சரியல்ல.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் மையங்கள். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 25 ‘அன்புச்சோலை’ மையங்களை ரூ.10 கோடியில் அறிவித்து, 2025 நவம்பரில் தொடங்கியது. முதியோர் பகலில் வந்து பேசி, விளையாடி, சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்பலாம். ஆனால் இது எழுந்து நடமாடுபவர்களுக்கானது. படுக்கையில் இருப்பவருக்குப் பயன்படாது, இரவுக்கும் பயன்படாது. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு மூச்சு விடும் நேரம். உங்கள் பகுதிக்கு அருகில் இருக்கிறதா என்பதை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

ஹோம் நர்ஸ் ஏஜென்சி: எங்கே சறுக்குகிறது?

இந்தப் பகுதியில் நிறையப் பேர் முதலில் போவது இந்த வழிதான். போர்டு மாட்டிய ஏஜென்சிகள், வாட்ஸ்அப் நம்பர்கள், மெடிக்கல் ஷாப்பில் ஒட்டிய நோட்டீஸ் என்று ஆள் கிடைப்பது கடினமில்லை. சரியான ஆள் கிடைப்பதுதான் கடினம்.

‘ஹோம் நர்ஸ்’ என்று எல்லோரையும் சொல்லிவிடுகிறோம். வருகிறவர்கள் எல்லோரும் நர்ஸ் இல்லை. குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, ஊட்டுவது, நடக்கவைப்பது இவற்றுக்கு வருபவர் அட்டெண்டர். சில மாதப் பயிற்சி பெற்றிருக்கலாம், பெறாமலும் இருக்கலாம். இன்சுலின் ஊசி அளவு பார்த்துப் போடுவது, உணவுக்குழாய், யூரின் டியூப், புண்ணுக்குக் கட்டு மாற்றுவது இவற்றுக்குப் படித்த செவிலியர் வேண்டும். ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். உண்மையான நர்ஸ் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது சறுக்கல், ‘24 மணி நேரம்’ என்ற வார்த்தை. 24 மணி நேரமும் வீட்டில் தங்குவார் என்றுதான் அதற்கு அர்த்தம். 24 மணி நேரமும் விழித்திருப்பார் என்று அர்த்தமில்லை. பகல் முழுக்க வேலை செய்தவர் ராத்திரி தூங்கத்தான் செய்வார், தூங்க விடவும் வேண்டும். இரவில் நான்கு முறை எழும் முதியவருக்கு ஓர் ஆள் போதாது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று 12 மணி நேர டூட்டியாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். செலவு கூடும். ஆனால் ஒரே ஆளை வைத்து மூன்றாவது நாளே ‘என்னால முடியலைங்க’ என்று அவர் கிளம்பிப் போனால் என்ன செய்வது? அதுவும் நீங்கள் திருநெல்வேலியில் கல்யாண மண்டபத்தில் இருக்கும்போது?

எனவே ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி கட்டணம் பற்றியது கிடையாது. ‘இவர் திடீர்னு வரலைன்னா, எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள் அனுப்புவீங்க?’ என்பதுதான். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொழியையும் கேளுங்கள். வேலைக்கு வருபவர்களில் வடகிழக்கு மாநிலங்கள், ஒடிசாவைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அக்கறையாகப் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ‘நெஞ்சு கரிக்குது’, ‘மேல்மூச்சு வாங்குது’ என்று 80 வயது பாட்டி சொல்வது அவர்களுக்குப் புரிய வேண்டுமே. பத்து இருபது சொற்களை எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கூடவே இருந்து பழக்கிவிட்டுக் கிளம்பும் குடும்பங்களுக்குப் பிரச்சினை குறைவு.

வருபவரின் ஆதார் நகல், போட்டோ, சொந்த ஊர் முகவரி இவற்றை வாங்கிவைப்பது அவசியம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலைக்கு வருபவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் சேவை இருக்கிறது. நேரம் எடுக்கும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். முதியவரின் காதில், கழுத்தில் இருக்கும் நகையைக் கழற்றி லாக்கரில் வைத்துவிடுங்கள். ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் யாரிடமும் தர வேண்டாம். வருபவரைச் சந்தேகப்படுவது போலத் தோன்றலாம். ஆனால் பின்னாளில் ஒரு பொருள் காணாமல் போனால் பழி முதலில் விழுவது அவர் மேல்தான். நகை வீட்டில் இல்லாதது அவருக்கும் பாதுகாப்பு.

வெளியே தங்கவைப்பது: எங்கே தேடுவது?

சென்னையில் அதுல்யா, ஜெரி கேர், கைட்ஸ் போன்ற நிறுவனங்கள் முதியோர் பராமரிப்பு மையங்களை நடத்துகின்றன. மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு அரும்பாக்கம், அண்ணா நகர் பக்கம் இருக்கும் மையங்கள் ஓரளவு அருகில். அம்பத்தூர், முகப்பேர், திருவேற்காடு, பூந்தமல்லி சுற்றுவட்டாரத்தில் தனி வீடுகளில் நடத்தப்படும் சிறிய மையங்களும் இருக்கின்றன. பெரிய பெயர் என்றால் நல்லது, சின்ன வீடு என்றால் மோசம் என்று இதில் கணக்குப் போட முடியாது. பன்னிரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுச் சாப்பாடு போடும் இடம், நூறு பேர் இருக்கும் கட்டடத்தைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் சிறிய இடத்தில் ராத்திரி யார் இருக்கிறார்கள் என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். திருவேற்காடு என்றதும் 1983ல் வித்யாகர் தொடங்கிய ‘உதவும் கரங்கள்’ பலருக்கு நினைவுக்கு வரும். அது ஆதரவற்றவர்களுக்கான அமைப்பு. அரசு மானியத்தில் நடக்கும் இலவச முதியோர் இல்லங்களும் அப்படித்தான், வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கானவை. பிள்ளைகள் வெளியூர் போய்வர அங்கே இடம் கேட்பது முறையும் இல்லை, கிடைக்கவும் கிடைக்காது.

மறதி நோய் என்றால் முதல் போன் வேறு இடத்துக்குப் போக வேண்டும். அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கும் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பு, ‘டெம்கேர்ஸ்’ என்ற பெயரில் மறதி நோயாளிகளுக்கும் குடும்பத்தினருக்குமான சேவைகளை நடத்துகிறது. 1984ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய அமைப்பு இது. முகப்பேர், பாடி, அம்பத்தூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கே தங்கவைக்கலாம், தங்கவைக்கவே கூடாதா, மருந்தை மாற்ற வேண்டுமா என்று முடிவெடுக்க முன் ஒருமுறை ஆலோசனை பெறுவது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

புற்றுநோய் முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு மாத்தூரில் ‘ஜீவோதயா’ காப்பகம் 1990களில் இருந்து செயல்படுகிறது. வலி தணிப்புச் சிகிச்சை தெரிந்த இடத்தில் இருப்பதுதான் அவர்களுக்கு நிம்மதி. சாதாரண ஷார்ட் ஸ்டே மையங்களில் வலி மருந்துகளைக் கையாளத் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால் 14567க்கு அழைக்கலாம். ‘எல்டர் லைன்’ எனப்படும் இந்த எண் மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் முதியோர் உதவி எண். கட்டணம் இல்லை, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை தமிழில் பேசலாம். உங்கள் பகுதியில் உள்ள இல்லங்கள், பராமரிப்பாளர்கள் பற்றிய தகவலையும் சட்ட ஆலோசனையையும் இங்கே கேட்கலாம்.

நேரில் போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

வெப்சைட்டில் இருக்கும் சோபாவையும் பூந்தொட்டியையும் நம்ப வேண்டாம். முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாவது முறை சொல்லாமல் போங்கள், அதுவும் இரவு ஏழரை எட்டு மணிக்கு. பகல் ஊழியர்கள் கிளம்பி, இரவு ஊழியர்கள் வரும் நேரம் அது. எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று அப்போதுதான் தெரியும்.

உள்ளே நுழைந்ததும் மூக்கு முதலில் சொல்லிவிடும். ஒரு டயப்பர் மாற்றும்போது வரும் வாடை வேறு, கட்டடம் முழுக்க ஊறிப்போன மூத்திர வாடை வேறு. வாசனை ஸ்பிரே தூக்கலாக அடித்திருந்தாலும் சந்தேகப்படலாம். பிறகு படுக்கையில் இருப்பவர்களின் நகத்தைப் பாருங்கள். வெட்டி, சுத்தமாக இருக்கிறதா? உதடு வறண்டு வெடித்திருக்கிறதா? கைக்கு எட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா? அழைப்பு மணி அடித்தால் யாராவது வருகிறார்களா? முடிந்தால் அங்கே தங்கியிருக்கும் ஒருவரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசிப்பாருங்கள். ‘காபி எத்தனை மணிக்குத் தர்றாங்கம்மா?’ என்று ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அடுத்து பதிவு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ல் வந்தது. முதியோர் இல்லங்கள் மாவட்ட சமூகநல அலுவலகம் வழியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். ‘அப்ளை பண்ணியிருக்கோம் சார், வந்துரும்’ என்ற பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

எந்த மாவட்ட அலுவலகம் என்பதில்தான் இந்தப் பகுதிக்காரர்கள் அலைகிறார்கள். அம்பத்தூர் வட்டம் 2018ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. ‘அம்பத்தூர் பக்கத்தில்’ என்று சொல்லிக்கொள்ளும் அயப்பாக்கமும் திருவள்ளூர்தான். எனவே மையம் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்தின் சமூகநல அலுவலகத்தில்தான் விசாரிக்கவோ புகார் தரவோ வேண்டும். போலீஸ் விஷயத்தில் மட்டும் இந்தக் குழப்பம் இல்லை. 2022 ஜனவரியில் உருவான ஆவடி காவல் ஆணையரகத்துக்குள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் வந்துவிடுகின்றன.

பணம்: பில்லில் எது சேரும்?

ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று பிரித்துக் கேட்க வேண்டும். தங்குமிடமும் சாப்பாடும் அதில் இருக்கும். டயப்பர், மருந்து, டாக்டர் வருகை, பிசியோதெரபி, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, உணவுக்குழாய் பராமரிப்பு எல்லாம் பல இடங்களில் தனி. சேரும்போது ஒரு முறை பதிவுக் கட்டணம், அட்வான்ஸ் என்றும் கேட்பார்கள். அட்வான்ஸ் திரும்பி வருமா, எத்தனை நாளில், முதியவருக்கு ஒத்துக்கொள்ளாமல் நான்காம் நாளே கூட்டிவந்துவிட்டால் மீதிப் பணம் என்ன ஆகும், இதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டும். சில இடங்களில் பத்து நாள் தங்கினாலும் ஒரு மாதக் கட்டணம் வாங்குகிறார்கள்.

‘இன்சூரன்ஸில் போட்டுக்கலாமா?’ என்ற கேள்விக்குப் பதில்: முடியாது. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் உள்ள பொதுவான விலக்குப் பட்டியலில் ஐந்தாவதாகவே இது இருக்கிறது. ஓய்வுக்காகச் சேர்வது, குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், நடக்கவைத்தல் போன்ற அன்றாட உதவிக்காகச் சேர்வது எதற்கும் காப்பீடு கிடையாது. நர்ஸ் பார்த்துக்கொண்டாலும் சரி, வீட்டில் பார்த்தாலும் சரி. 70 வயதைக் கடந்தவர்களுக்கு ரூ.5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான். இதனால் சிலர் ‘ஒரு வாரம் ஹாஸ்பிடல்ல அட்மிட் பண்ணிட்டுப் போயிடலாம்’ என்று யோசிக்கிறார்கள். தேவையில்லாமல் மருத்துவமனையில் படுக்கவைத்தால் கிருமித் தொற்று வாங்கிக்கொண்டு திரும்புவதுதான் மிச்சம்.

அரசிடமிருந்து கிடைப்பது வேறு வகை உதவி. 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவார்கள். கூடவே தங்கமாட்டார்கள்தான். ஆனால் வீட்டுக்கு அட்டெண்டர் வைத்துக்கொண்டு, புண் பார்ப்பது போன்ற செவிலியர் வேலைக்கு இந்தத் திட்டத்தைப் பயன்படுத்தினால் செலவு கணிசமாகக் குறையும். பக்கத்தில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். பார்க்கின்சன் நோய், கடும் உடல் ஊனம் போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நிறைய.

ஒப்படைக்கும் நாள்

இதை அவசரத்தில் செய்வதுதான் பெரிய தவறு. விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது மருந்துக் கவரைக் கையில் திணித்துவிட்டு ஓடுவது. குறைந்தது ஒரு வாரம் முன்பே ஒரு பகல் மட்டும் அங்கே இருக்கவைத்துப் பார்க்கலாம். பிறகு ஓர் இரவு. அதற்குப் பின் முழு நாட்கள்.

மருந்துகளைப் பட்டை பிரிக்காமல் கொடுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று ஒரு தாளில் தமிழில் பெரிதாக எழுதுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் ஒரு விஷயத்தைத் தனியாக அடிக்கோடிட வேண்டும்: சாப்பிட மறுத்தால் வழக்கமான அளவு இன்சுலின் போடக்கூடாது, டாக்டரிடம் கேட்க வேண்டும். புது இடத்தில் முதல் இரண்டு நாள் முதியவர்கள் சரியாகச் சாப்பிடமாட்டார்கள். அப்போது வழக்கமான ஊசி போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதையும் எழுதுங்கள், கீழே விழுந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர் அவர். உணவுக்குழாய் இருந்தால் ஊட்டும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்த்தி வைக்க வேண்டும். படுத்தபடியே இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப்போட வேண்டும்.

இதோடு சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. அவர் காபிக்குச் சர்க்கரை எவ்வளவு, காலையில் பேப்பர் வேண்டுமா, எந்தக் காது கேட்காது, பல் செட் ராத்திரி கழற்றுவாரா, எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார். பராமரிப்பவர்களுக்கு இந்த ஒரு பக்கம் மருத்துவ ஃபைலைவிட அதிகம் உதவும். வீட்டுப் போர்வை, தலையணை, சாமி படம், டிரான்சிஸ்டர் எது பழக்கமோ அதையும் கூட அனுப்புங்கள்.

அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது என்று எழுத்தில் இருக்க வேண்டும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ‘பையன் போனை எடுக்கலை, அதான் வெயிட் பண்ணோம்’ என்று பிறகு சொல்வதில் பயனில்லை. வெளிநாடு போகிறவர்கள், சென்னையிலேயே இருக்கும் ஒருவரை, அண்ணனோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ, இரண்டாவது தொடர்பாகக் கொடுத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சேரும்போது மையம் தரும் தாள்களில் முதியவரிடம் கைநாட்டோ கையெழுத்தோ கேட்டால் முழுவதும் படித்துப் பாருங்கள். வெற்றுத்தாளில் எதற்காகவும் கையெழுத்து வேண்டாம்.

‘விட்டுட்டுப் போயிடுவாங்களோ?’

முதியவரின் பயம் இதுதான். கேட்கமாட்டார்கள், ஆனால் உள்ளே இருக்கும். டாக்டரிடம் கூட்டிப்போவதாகப் பொய் சொல்லிக் கொண்டுபோய் விடுவது அந்தப் பயத்தை உண்மையாக்கிவிடும். அடுத்த முறை மருத்துவமனைக்கே வர மறுப்பார்கள். ‘கல்யாணத்துக்குப் போறோம்மா, 18ஆம் தேதி வந்து கூட்டிட்டுப் போறேன்’ என்று தேதி சொல்லி, ஒரு காலண்டரில் வட்டம் போட்டுக் கட்டில் பக்கத்தில் மாட்டிவிடலாம். மறதி இருப்பவர்களுக்கும் ஊழியர்கள் அதைக் காட்டிக் காட்டிச் சொல்ல முடியும். தினமும் ஒரே நேரத்தில் வீடியோ கால் பேசுங்கள். வட்டம் போட்ட தேதி தள்ளிப்போனால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. திரும்பக் கூட்டிவரும் எண்ணத்தோடு தற்காலிகமாகத் தங்கவைப்பது தவறில்லை. முழுவதுமாகக் கைவிடும் நோக்கத்தில் ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போனால் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு, போன் நம்பரையும் மாற்றிவிடுகிற பிள்ளைகளுக்கு இது பொருந்தும். இப்படி விடப்பட்டவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து, மாதம் ரூ.10,000 வரை ஜீவனாம்சம் கேட்கலாம்.

கூட்டிவரும்போது

சந்தோஷத்தில் உடனே காரில் ஏற்றிவிடாதீர்கள். அங்கேயே ஒரு தனி அறையில் உடம்பைப் பாருங்கள். முதுகின் கீழ்ப்பகுதி, குதிகால், இடுப்பு எலும்பு இருக்கும் இடங்களில் தோல் சிவந்தோ கருத்தோ இருந்தால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். கன்றிய காயங்கள் இருந்தால் எப்படி வந்தது என்று கேட்டு, போட்டோ எடுத்துவையுங்கள். மாத்திரைகளை எண்ணுங்கள். பத்து நாளைக்குக் கொடுத்ததில் ஆறு நாள் மாத்திரை மிச்சமிருந்தால் நான்கு நாள்தான் கொடுத்திருக்கிறார்கள். பல் செட், கண்ணாடி, காது கேட்கும் கருவி மூன்றும் அடிக்கடி தொலைந்துபோகும் பொருட்கள். பெயர் எழுதி ஒட்டி அனுப்பியிருந்தால் கிடைத்துவிடும். வீடு வந்த பிறகு முதல் இரண்டு இரவுகள் யாராவது பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் எந்தப் பக்கம் என்பது அவருக்கு மறுபடி பழகும் வரை.